ஆதிச்சநல்லூர் கண்ணாடித் தரை: தாழியைப் பார்க்கும் முறை

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில், செய்துங்கநல்லூர் தாண்டி ஆதிச்சநல்லூரில் ஒரு மணி நேரம் இறங்கலாமா என்று கேட்டால், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள் என்போம். 2023 ஆகஸ்டில் திறந்த காட்சியகம் இது. தோண்டிய குழியை மூடாமல், தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழேயே முதுமக்கள் தாழிகள், அதாவது இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள்.

இதன் அருமையே எதையும் இடம் மாற்றாததுதான். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் தோண்டியெடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ எடுத்த வெண்கலப் பொருள்களையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் பார்க்க சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே பொருளின் வேலைப்பாடு தெரியும். எதன் பக்கத்தில், எப்படிச் சாய்ந்து கிடந்தது என்பது தெரியாது. இங்கே கிடைத்த இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி நின்றதை ரீ எழுதி வைத்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்தியிருப்பார்கள் என்பது அவர் ஊகம். அந்த ஒரு வரி இல்லையென்றால் அவை வெறும் ஈட்டிகள்.

உள்ளே போகும் முன் பரம்பில், அதாவது தாழிகள் புதைந்த மேட்டில், நின்று சுற்றிப் பாருங்கள். நெல்லும் வாழையும் விளையும் தாமிரபரணிக் கரை பக்கத்தில்தான். தாழிகளோ சரளை மேட்டில், சில இடங்களில் பாறையையே வெட்டிய குழியில். உழவுக்கு ஆகாத நிலம் என்று ஒதுக்கினார்களா, வெள்ளம் ஏறாத மேடு என்று தேர்ந்தார்களா? இடத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஆனால் பாறையில் குழி வெட்டுவது ஒற்றை ஆள் ஒரு பொழுதில் முடிக்கும் வேலையல்ல. செத்தவருக்காகப் பல கைகள் உழைத்திருக்கின்றன என்று துணிந்து சொல்லலாம்.

கருப்பு சிவப்புப் பானைகளில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். உள்புறமும் விளிம்பும் கருப்பாக இருந்தால் அது அடுப்புக் கரியல்ல. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே காற்றுப் போகாமல் கருத்தது. காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது. அடுப்புக் கரி அடிப்பாகத்தில், வெளியே, திட்டுத் திட்டாகப் படியும். அது இருந்தால் வீட்டில் புழங்கிய பானை. கரியும் தேய்மானமும் இல்லாத பானை படையலுக்கென்றே வனைந்ததாக இருக்கலாம். வீட்டுப் பானையை உடன் வைப்பதும் புதுப்பானை வாங்கி வைப்பதும் இரண்டு வேறு மனநிலைகள்.

எலும்பில் இன்னும் கவனம் வேண்டும். மண்டையோடும் நீள எலும்புகளும் மட்டும் கிடந்தால், வேறிடத்தில் உடல் அழிந்தபின் பொறுக்கி வைத்தது என்று தோன்றும். ஆனால் விரலெலும்பு போன்ற சிறியவைதான் மண்ணில் முதலில் கரைந்துபோகும்; அவை இல்லாததை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மூட்டுகள் வரிசை மாறாமல் இருந்தால் உடலையே உட்கார வைத்துப் புதைத்தது எனலாம். உடைந்த தாழியைப் பார்த்ததும் சடங்குக்காக உடைத்தார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். மேல்மண்ணின் பாரமே போதும்.

பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழியில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று வந்தது. உடனே நம் மனம் வாய்க்கரிசிக்குப் போகிறது. நெல் தாழிக்குள் போனது உறுதி. வழிச்சோறா, விதையா, இன்றைய வாய்க்கரிசியின் முன்னோடியா என்று உமி சொல்லாது. நம் வழக்கத்தை அவர்கள் தலையில் ஏற்றுவதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரிய தவறு.

உச்சி வெயிலில் போக வேண்டாம். பரம்பில் நிழல் குறைவு, கண்ணாடியிலும் வானம்தான் தெரியும். காலையில் போய், உங்கள் நிழல் தாழிமேல் விழும்படி நின்று குனிந்து பாருங்கள். மண்ணின் நிறம் மாறும் கோடு அப்போதுதான் பிடிபடும். அந்தக் கோடுதான் குழியின் விளிம்பு. எழும்பூருக்குப் போனால் நெற்றிப்பட்டத்தின் இரு முனையிலும் உள்ள துளைகளைப் பாருங்கள். தினமும் நூல் கட்டியிருந்தால் இவ்வளவு மெல்லிய தகட்டில் துளை இழுபட்டிருக்கும். இழுபடாமல் இருந்தால் சாவுக்கென்றே செய்ததாக இருக்கலாம். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை.