பெர்ஷியன் பூனைக்கு பிகேடி ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கண்டிப்பா எடுக்கலாம். பிகேடின்னா (PKD) கிட்னியில நீர்க்கட்டி வளர்ற பரம்பரை நோய். எங்க பூனைக்கு எடுத்தாச்சு, பெர்ஷியனுக்கு ஆகுற டாக்டர் செலவுலயே உருப்படியான செலவு இதுதான்னு நினைக்கிறேன்.

இந்த இனத்துல பெரிய பயமே கிட்னிதான். பிகேடி இருக்குற குட்டிக்கு பொறக்கும்போதே கிட்னியில சின்னச் சின்ன நீர்க்கட்டி இருக்கும், வெளிய ஒண்ணுமே தெரியாது, நல்லா ஓடியாடிட்டு இருக்கும், வருஷம் ஆக ஆக கட்டி பெருசாகி பெரும்பாலும் 7 வயசு வாக்குலதான் தண்ணி நிறைய குடிக்கிறது, எடை குறையறது, வாந்தின்னு ஆரம்பிக்கும். அப்புறம் கிட்னி டயட், டிரிப்ஸ், மாசாமாசம் ரத்த டெஸ்ட்னு செலவு நிக்கவே நிக்காது, முழுசா குணமாக்க மருந்தும் கிடையாது. அப்பா அம்மால ஒண்ணுக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ்.

இதுக்குக் காரணமான ஜீன் கோளாற 2004ல கண்டுபிடிச்சாங்க, டெஸ்ட் தேடுறது அதைத்தான். ஊசி இல்ல, மயக்க மருந்து இல்ல, கன்னத்து உள்பக்கம் சின்ன பிரஷ்ஷால தேய்ச்சு காயவச்சு அனுப்பினா போதும். சாப்பிட்ட உடனே எடுக்காதீங்க. பால்குடி குட்டின்னா கொஞ்ச நேரம் தாய்கிட்டருந்து பிரிச்சு வச்சுட்டு எடுங்க, இல்லன்னா தாயோட செல் கலந்து ரிசல்ட் தப்பா வரலாம். வாழ்நாள்ல ஒருதடவ எடுத்தா போதும்.

குறைன்னா ரிப்போர்ட்தான். ரெண்டு வரியில முடிச்சுடறாங்க, பாசிட்டிவ்னு வந்தா அடுத்து என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை இல்ல, பயந்துபோய் இருக்குறவங்களுக்கு இது பத்தவே பத்தாது. கட்டி எவ்ளோ இருக்கு, எவ்ளோ வேகமா வளருதுன்னு ஜீன் டெஸ்ட் சொல்லாது, அதுக்கு ஸ்கேன்தான், 10 மாசம் தாண்டின பிறகு எடுத்தா நல்லா தெரியும். நெகட்டிவ்னா வேற கிட்னி பிரச்சனையே வராதுன்னும் அர்த்தம் இல்ல. தட்டை மூஞ்சியால வர்ற கண்ணீர் வடியறது, பல்லு கோணல், மூச்சுத் திணறல் இதுக்கெல்லாம் தனியா டாக்டர்கிட்ட காட்டித்தான் ஆகணும்.

பாசிட்டிவ்னா தூக்கிப் போட்டுடாதீங்க ப்ளீஸ், நிறைய பூனைங்க பல வருஷம் நல்லாவே இருக்கும், பிபியும் ரத்தமும் அப்பப்ப பாருங்க, குட்டி மட்டும் போட விடாதீங்க. புதுசா வாங்குறவங்க தடுப்பூசி கார்டோட நிறுத்திக்காம அப்பா அம்மா ரெண்டோட பிகேடி ரிப்போர்ட்டையும் கேளுங்க, காட்ட மாட்டேன்னா அங்க வாங்காதீங்க.