தாத்தாவின் பீரங்கிப் படைச் சேவையைத் தேடியது: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிந்தைய ஓர் அனுபவப் பகிர்வு

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் பீரங்கிப் படையில் பணியாற்றிய என் தாய்வழித் தாத்தாவின் சேவை விவரங்களைத் தேடுவதற்காகப் பல ஆண்டுகளாக நான் பயன்படுத்திவரும் ஆவணக் காப்பகங்கள், இணையதளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றைப் பற்றிய மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு, அவர் இருந்த பாட்டரியை, அதாவது பீரங்கி ரெஜிமெண்டின் உட்பிரிவை, தேடுபவருக்கே ஏதேனும் கிடைக்கும். கன்னராகவோ (பீரங்கியை இயக்குபவர்) டிரைவராகவோ சேர்ந்த ஒரு சிப்பாயின் பெயர், அவர் போரில் இறந்தாலோ விருது பெற்றாலோ ஒழிய, அக்காலப் படை ஆவணங்களில் தென்படுவது மிக அரிது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் தாத்தாவின் ரெஜிமெண்ட் எண்ணை இங்கே தரவில்லை.

செலவில்லாமல் அதிகப் பயன் தந்தது வீட்டுப் பெட்டியில் கிடந்த மெடல்கள்தான். பிரிட்டிஷ் வீரர்களுக்கு அந்தப் போருக்காக வழங்கப்பட்ட மெடல்களில் பெயர் பொறிக்கப்படவில்லை. இந்திய வீரர்களுக்கு வழங்கப்பட்டவற்றிலோ பொறிக்கப்பட்டது. வட்டமான வார் மெடலின் விளிம்பிலும், நட்சத்திர வடிவ மெடல்களின் பின்புறத்திலும் வீரரின் தனிப்பட்ட படை எண், பதவி, பெயர், படைப்பிரிவின் சுருக்கம் ஆகியவை இருக்கும். ரெஜிமெண்ட் எண் இருக்காது. பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாமல், சாய்ந்த வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் படமெடுத்தால் மங்கிய எழுத்துகளும் தெளிவாகத் தெரியும். படை எண்ணே முக்கியம். ஏனெனில் ஆங்கில எழுத்தர்கள் நம் பெயர்களை ஆவணத்துக்கு ஆவணம் வேறுவிதமாக எழுதியிருப்பார்கள், எண் மட்டுமே மாறாது. பெட்டியில் பர்மா ஸ்டார் இருந்தால் அவர் பர்மாவுக்குள் போனார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். 1942 மே முதல் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பணியாற்றியவர்களுக்கும் அதே நட்சத்திரம் உண்டு.

எங்கள் வீட்டில் தாத்தா டாங்கி ஓட்டியவர் என்றே வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். படையிலிருந்து விலகியபோது தரப்பட்ட அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ டிரைவர் எம்.டி., அதாவது மோட்டார் வண்டி ஓட்டுநர், என்றிருந்தது. பக்கத்தில் ஒரு பாட்டரி எண்ணின் முத்திரை. 25 பவுண்டர் பீரங்கியையும் அதன் குண்டுப்பெட்டி வண்டியான லிம்பரையும் இழுத்துச் சென்றது க்வாட் எனப்பட்ட நாற்சக்கர வண்டி. சுற்றிலும் தகடு போர்த்திய உடலும், பின்பக்கம் சரிந்திறங்கும் கூரையுமாக இருக்கும் அதன் புகைப்படத்தைப் பார்த்தபோது, ஊர்க்காரர்கள் அதை டாங்கி என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை என்று தோன்றியது. இது வெறும் குடும்பக் கதைத் திருத்தமன்று. டாங்கிப் படையின் பதிவேடுகளைப் பராமரிக்கும் அலுவலகம் அகமத்நகரில் (இன்றைய அகில்யாநகர்) இருக்கிறது, பீரங்கிப் படையுடையது நாசிக் ரோடு முகாமில் இருக்கிறது. எந்தப் படை என்பது உறுதியாகாமல் எழுதும் கடிதத்தால் மாதங்கள்தாம் வீணாகும்.

பதிவேட்டு அலுவலகத்திலிருந்து வரும் பதிலில் பெரிதாக எதையும் எதிர்பார்க்கக் கூடாது. சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி ஆகிய அளவோடு அது நிற்கும். ஆனால் அந்த இரண்டு தேதிகளும் பிற்பாடு எல்லாவற்றுக்கும் வேலியாக அமைகின்றன. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை எங்கள் பக்கத்தில் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓய்வூதியம் இல்லாத இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர உதவித்தொகை வழங்கியதால், பாட்டியின் பெயரில் ஒரு கோப்பு அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. அதில் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும் இருக்கலாம். பழைய வட ஆர்க்காடு 1989-இல் பிரிந்தது, அதிலிருந்து வந்த வேலூர் 2019-இல் மறுபடியும் பிரிந்தது. ஆகவே எந்த மாவட்ட அலுவலகத்தில் கேட்பது என்பதை, இன்றைய முகவரியை வைத்தல்லாமல், உதவித்தொகை முதலில் அனுமதிக்கப்பட்ட காலத்தை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளம், தாத்தா உயிரோடு திரும்பி வந்தவர் என்பதால், எனக்குப் பயன்படாது என்றுதான் பலரும் சொன்னார்கள். நானோ அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினேன். இந்தியப் பீரங்கிப் படை என்று மட்டும் கொடுத்து, குறிப்பிட்ட மாதங்களில் இறந்தவர்களைத் தேடி, முடிவுகளை எக்செல் கோப்பாகப் பதிவிறக்கித் தேதிவாரியாக அடுக்கினால், எந்த ரெஜிமெண்ட் எந்தப் பகுதியில் எப்போது அடிபட்டது என்பது ஓரளவு புலப்படுகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும். தகனம் செய்யப்பட்ட இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் கல்லறைகளில் இருக்காது, நினைவுச்சின்னங்களில் இருக்கும். கோஹிமாவின் தகன நினைவுச்சின்னத்தில் 917 பேரும், இம்பாலில் உள்ளதில் 868 பேரும் குறிக்கப்பட்டுள்ளனர். கல்லறைகளை மட்டும் பார்த்துவிட்டு ‘நம்மவர் யாருமில்லை’ என்று மூடிவிடுகிறவர்கள் இந்தப் பட்டியல்களைத் தவறவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகுதான், படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிவந்த போர் டைரிகள். லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில், தென்கிழக்காசியப் படைகளின் டைரிகள் டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசையில் இருக்கின்றன. இந்தியப் பிரிவுகளின் டைரிகளும் அதிலேயே உள்ளன. பெரும்பாலும் ஒரு பிரிவுக்கு ஓராண்டுக்கு ஒரு கோப்பு என்ற கணக்கு. பட்டியலை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம், ஆனால் இவற்றுள் பெரும்பாலானவை இன்னும் இணையத்தில் ஏற்றப்படவில்லை. நேரில் போனால் வாசகர் அட்டையும் இலவசம், சொந்தக் கேமராவில் படமெடுப்பதும் இலவசம். இங்கிருந்தபடியே நகல் கேட்டால், பக்கங்களை எண்ணிச் சொல்வதற்கே முதலில் ஒரு கட்டணம் கட்ட வேண்டும், பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று தனியாக. லண்டனில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் ஒருவன் ஒரு சனிக்கிழமையைத் தியாகம் செய்ததால் எனக்கு அந்தச் செலவு மிச்சமாயிற்று.

டைரியைக் கையில் வாங்கிய எவரும் முதலில் ஏமாறுவார்கள். அதை எழுதியவர்கள் அதிகாரிகள். அதிகாரிகளின் விடுப்பும் மாற்றலும் பெயரோடு இருக்கும், நம் சிப்பாய்கள் ஐ.ஓ.ஆர். (இந்தியன் அதர் ரேங்க்ஸ், அதாவது அதிகாரி அல்லாத இந்திய வீரர்கள்) என்ற மூன்றெழுத்துக்குள் எண்ணிக்கையாக அடங்கிவிடுவார்கள். ‘ஐ.ஓ.ஆர். இருவர் காயம்’ என்பதற்கு மேல் விவரம் இருக்காது. ஆனால் பாட்டரி எண் கையில் இருந்தால் நிலைமை மாறுகிறது. போரின் நடுப்பகுதியில் ஒரு களப் பீரங்கி ரெஜிமெண்டுக்கு எட்டுப் பீரங்கிகள் வீதம் மூன்று பாட்டரிகள், மொத்தம் 24. ஒவ்வொரு பாட்டரியும் பொதுவாக வெவ்வேறு காலாட்படைப் பிரிகேடுக்குத் துணையாக அனுப்பப்பட்டதால், பல பிரிகேடுகள் சேர்ந்த டிவிஷனின் வரலாற்றைப் படித்துவிட்டுத் தாத்தா இன்ன இடத்தில் இருந்தார் என்று சொல்வது முப்பது நாற்பது மைல் தள்ளிப்போய்விடக்கூடும். 1944 மார்ச் கடைசியிலிருந்து ஜூன் 22 வரை இம்பாலுக்கான சாலை ஜப்பானியப் படையால் அடைபட்டிருந்த காலத்துப் பக்கங்கள், கார்பன் நகலில் மங்கிய தட்டச்சாக இருந்தன. குண்டுகள் விமானத்தில் வந்துசேர வேண்டியிருந்ததால், பீரங்கி ஒன்றுக்கு நாளொன்றுக்கு இத்தனைதான் என்ற கட்டுப்பாடு ஒரு பக்கத்தில் இருந்தது. அதை அடுத்த பக்கத்தில், தாத்தாவின் பாட்டரி எண்ணுக்கு நேரே, மழையில் இரண்டு க்வாட்கள் சேற்றில் சிக்கி, வின்ச் (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் பொறி) கொண்டு இழுக்கப்பட்டன என்று ஒரே வரி. அவற்றில் ஒன்றை ஓட்டியது அவர்தாமா என்பதை எந்தக் காகிதமும் சொல்லப்போவதில்லை. இருந்தாலும் அம்மா அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

டைரியில் இடங்கள் ஊர்ப்பெயரைவிட ஆறிலக்க எண்களாகவே அதிகம் வரும். முதல் மூன்று கிழக்கு, அடுத்த மூன்று வடக்கு. கூடவே வரைபடத் தாளின் எண்ணும் இருக்கும். இந்திய நில அளவைத் துறையின் முறைப்படி இம்பாலும் கோஹிமாவும் 83 என்று தொடங்கும் தாள்களில் வரும், பர்மாவின் அரக்கானின் வடபகுதி 84-இல் வரும். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் அமெரிக்க ராணுவ வரைபடங்களின் தாள் எண் முறை வேறு என்பதால், அவற்றை ஊர்களையும் சாலைகளையும் அடையாளம் காண்பதற்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டும் டபிள்யூ.ஓ. 373 என்ற விருதுப் பரிந்துரை வரிசையும் விருது பெற்றவர்களின் குடும்பத்துக்கு அருமையானவை, மற்றவர்களுக்கு நேர விரயம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளத்தில் நிர்வாகக் கோப்புகள் ஏராளம், ஒரு பாட்டரியின் அன்றாட நடமாட்டம் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு ஆய்வுசெய்து தரும் தனியார் சேவை ஒன்றையும் இடையில் பயன்படுத்தினேன். பளபளப்பான அட்டையோடு வந்த அறிக்கையில் போரின் பொது வரலாறே நிறைந்திருந்தது. இணைத்திருந்த டைரிப் பக்கங்கள் அதே எண்ணுள்ள வேறொரு பிரிட்டிஷ் ரெஜிமெண்டுடையவை. இதுபோன்ற சேவையை நாடுபவர்கள், எந்த வரிசை, எந்தக் கோப்பு எண், எந்த மாதங்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் அனுப்புங்கள்.