பனியன் கம்பெனியை வீடாக்கி ஐந்து வருடம்: சத்தத் தடுப்பில் எது நின்றது, எது வீண்

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனி இருந்த மாடிக் கட்டடத்தை 2020-ல் வீடாக மாற்றினோம். கீழே அப்பா, அம்மாவோடு நாங்கள். மேலே அண்ணன் குடும்பம். பழைய ஆபீஸ் கேபின்கள்தான் படுக்கையறைகள். பக்கத்து அறையில் அப்பா இருமினால் என் தலைமாட்டில் இருமுவது மாதிரி கேட்கும்.

முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமான ஃபோம் வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினோம். தண்டச் செலவு. அறைக்குள் எதிரொலி குறைந்தது, இருமல் குறையவில்லை. சத்தத்தை மறிக்க எடை வேண்டும். ஃபோமில் அது ஏது?

அப்புறம் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றினால், தடுப்புச் சுவர் அந்த மட்டத்தோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் ஒன்றரை அடி வெறும் வெளி. போதாததற்கு இரண்டு அறை ஸ்விட்ச் பாக்ஸும் முதுகோடு முதுகாக இருந்தன. ஒன்றைக் கழற்றி டார்ச் அடித்தால் அந்தப் பக்கம் வெளிச்சம்! சுவரை மேலே கான்கிரீட் ஸ்லாப் வரை கட்டி, பாக்ஸைத் தள்ளி வைத்து, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை போட்டதிலேயே பாதித் தொல்லை ஒழிந்தது.

மீதிக்குத்தான் ஜிப்சம் போர்டு. சுவரைத் தொடாமல் அரை இன்ச் தள்ளி ஜி.ஐ. தகரச் சட்டம், உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு), மேலே 12.5 மி.மீ. போர்டு இரண்டு அடுக்கு, ஓரமெல்லாம் இடுக்கை அடைக்கும் சீலன்ட். அறையில் மூன்றரை இன்ச் போயிற்று. இப்போது இருமல் கேட்பதில்லை. ஆனால் பாத்ரூம் பக்கம் போர்டைத் தரையோடு ஒட்டி நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வருடம் அடிப்பக்கம் ஊறி உப்பிவிட்டது, வெட்டி மாற்றினோம். தரையிலிருந்து ஒரு விரல் தூக்கி வைத்திருந்தால் அந்த வேலை இருந்திருக்காது.

மாடித் தரை வேறு கதை. ஐந்து இன்ச் கான்கிரீட் ஸ்லாப் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கிறது. குழந்தைகள் ஓடுவதையும் நாற்காலி இழுப்பதையும் அப்படியே கீழே இறக்கிவிடுகிறது. இதற்குக் கீழே சீலிங்கில் எதைப் போட்டாலும் ஓரளவுக்குத்தான், வைத்தியம் மேலேதான். பழைய டைல்ஸைப் பெயர்த்து, அதிர்வு ஸ்லாபில் இறங்காமல் இருக்க 10 மி.மீ. ஃபோம் ஷீட் விரித்து, புதுத் தரை சுவரைத் தொடாதபடி ஓரத்தில் மடித்து ஏற்றி, அதன்மேல் இரண்டு இன்ச் காங்கிரீட், டைல்ஸ். சதுர அடிக்குப் பத்து கிலோவுக்கு மேல் பாரம் ஏறும் என்பதால் இன்ஜினியரைக் கேட்டுத்தான் செய்தோம். தையல் மெஷின் வரிசைக்கும் துணிக் கட்டுக்கும் போட்ட ஸ்லாப், தாங்கும் என்றார்.

எல்லா இடமும் அடங்கிவிட்டது, ஒரு மூலையைத் தவிர. அங்கே அண்ணி கிரைண்டர் போட்டால் கீழே பாத்திர அலமாரி கிணுகிணுக்கும். பார்த்தால் சுவரடியில் ஒட்டிய ஸ்கர்ட்டிங் டைல் தரையையும் சுவரையும் சேர்த்துக் கவ்விக்கொண்டிருந்தது. கட்டர் வைத்து நூல் அளவு இடைவெளி அறுத்து சிலிகான் நிரப்பினேன். கிணுகிணுப்பு நின்றது.

இன்னும் தீராதது ஒன்று: மாடிக் கழிவறைக் குழாய் அப்பாவின் கட்டிலுக்கு நேர் மேலே போகிறது. ராத்திரி ஃப்ளஷ் செய்தால் அருவி. குழாயை ராக்வூலால் சுற்றிப் பெட்டி அடிக்க வேண்டும், சீலிங்கை மறுபடி உடைக்கணும். பொங்கல் கழிந்து பார்க்கலாம் என்கிறார் அப்பா.