டோர்க்லிஃப்ட் சேஸிஸ் பிராக்கெட்: கேம்பரின் இழுவை எங்கே போய்ச் சேருகிறது?

பிக்கப் தொட்டியில் இறக்கி வைக்கும் கேம்பருக்கு, அதாவது தங்கிப் பயணிக்க உதவும் அறைக் கூட்டுக்கு, சக்கரமும் கிடையாது, வண்டியோடு நிரந்தர இணைப்பும் கிடையாது. பெரும்பாலும் ஒரு டன்னைத் தாண்டும் அந்த எடை தொட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நான்கு மூலைகளிலும் இருந்து கீழே இழுத்துப் பிடிக்கும் டர்ன்பக்கிள்கள், அதாவது மரை திருகி நீளம் குறைத்து இறுக்கும் இணைப்புகள்தான் அதற்குக் கட்டு. அந்த நான்கையும் வண்டியில் எந்தப் பாகத்தில் மாட்டுகிறோம் என்பதை வைத்தே எந்த பிராக்கெட்டையும் எடைபோட வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்து டோர்க்லிஃப்ட் நிறுவனத்தின் பிராக்கெட்டுகள் சேஸிஸில் மாட்டுபவை. ஹாப்பிஜாக் என்ற வேறு பிராண்டின் வகையில் முன் இரண்டும் தொட்டியின் பக்கத் தகட்டிலும் பின் இரண்டும் பம்பரிலும் உட்காரும். ஹாப்பிஜாக் வகை விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் தொட்டியின் தகடு சரக்கைத் தாங்கச் செய்யப்பட்டது, மேல்நோக்கி இழுபடச் செய்யப்பட்டதல்ல. உயரமான கேம்பர் வளைவில் சாயும்போது வெளிப்பக்க டர்ன்பக்கிள் தளர, உள்பக்கத்தது தகட்டைப் பிடித்து இழுக்கும். நாளடைவில் போல்ட்டைச் சுற்றித் தகடு உப்பும், பிறகு விரிசல் விடும். 2015 முதல் எஃப்-150-யிலும் 2017 முதல் சூப்பர் டியூட்டியிலும் ஃபோர்டு அலுமினியத் தொட்டி போடுவதால், அந்த வண்டிகளில் கனமான கேம்பரை ஏற்றுபவர்கள் தகட்டை நம்பக் கூடாது. ஃபோர் வீல் கேம்பர்ஸ் போன்ற எடை குறைந்த, கூரை மடங்கும் கேம்பர்கள் தொட்டித் தரையில் மாட்டிய கண்-போல்ட்டுகளோடு ஓடுகின்றன. அந்த எடைக்கு, அடியில் அகலமான தாங்கு தகடு வைத்திருந்தால், அது போதும்.

சேஸிஸில் மாட்டினாலும் ஒரு சிக்கல் வரும், அதைப் பலரும் சொல்வதில்லை. மேடு பள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். தொட்டியும் அதில் உட்கார்ந்திருக்கும் கேம்பரும் அதே அளவுக்கு முறுக்குவதில்லை. அப்போது ஒரு மூலையின் இழுவை திடீரென ஏறும், எதிர் மூலை தளரும். ஆகவே சேஸிஸ் பிராக்கெட்டோடு ஸ்பிரிங் உள்ள டர்ன்பக்கிளே வேண்டும். டோர்க்லிஃப்டின் ஃபாஸ்ட்கன் என்ற ஸ்பிரிங் டர்ன்பக்கிள் இதற்குப் பொருத்தமான துணை: கைப்பிடியை மடக்கினால் இறுகும், நிமிர்த்தினால் விடும், பூட்டவும் முடியும். வெறும் செயினும் சாதாரண டர்ன்பக்கிளும் போட்டு இறுக்கினால், அந்த முறுக்கின் சுமை முழுவதும் கேம்பரின் மூலைக்கண் மேல், அதாவது டர்ன்பக்கிளின் மேல்முனை மாட்டும் வளையத்தின் மேல் விழும். பல கேம்பர்களில் அந்தக் கண் மரச்சட்டத்தில்தான் பதிந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் கசிந்து மரம் உளுத்திருந்தால் முதலில் பிய்வது அதுவே. பிராக்கெட் வாங்கும் முன் நான்கு கண்களையும் சுற்றித் தட்டிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் மரவேலைதான் முதலில்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். வண்டியின் ஆண்டு, மாடல், தொட்டி நீளம் மூன்றும் பிராக்கெட் வந்த பெட்டியில் குறித்திருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். டீசல் வண்டியில் யூரியாத் தொட்டியும் சைலன்ஸர் குழாயும், வெளியிலிருந்து மாட்டிய ஏறுபடியும் இடைஞ்சலாக வரலாம். போல்ட்டை முடுக்கும் முன் பிராக்கெட்டை வெறுமனே பிடித்து இடம் பார்த்துவிடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குத் துளை போட வேண்டியதில்லை, சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளே போதும். எங்காவது பொருந்தவில்லை என்று சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளைக்காதீர்கள், வெல்டும் வைக்காதீர்கள். சுமை அதிகம் தாங்கும் இடம் அந்த விளிம்புகள்தான், விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

முன் பிராக்கெட் இரண்டையும் எல்லா போல்ட்டும் கையால் ஏறிய பிறகே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டால் அடுத்தது துளைக்கு நேர் வராது. இறுக்கும் அளவு பெட்டியிலுள்ள தாளில் இருக்கும், அதுவே கணக்கு. அடித்து முடுக்கும் இம்பாக்ட் கன்னால் முடித்துவிட்டு சரியாகத்தான் இருக்கும் என்று விடக் கூடாது. இடையில் இருக்கும் கெட்டிப் பெயின்ட் நசுங்கி போல்ட் தளரும் என்பதால், முதல் நூறு மைலுக்குள் ஒருமுறை திரும்ப இறுக்க வேண்டும்.

பின் பக்கம்தான் நேரத்தைத் தின்னும். பல மாடல்களில் பின் பிராக்கெட், டிரெய்லர் மாட்டும் இழுவைக் கொக்கியின் போல்ட்டுகளையே பங்கு போட்டுக்கொள்கிறது. கொக்கிச் சட்டம் கனமானது, ஜாக் முட்டுக் கொடுக்காமல் போல்ட்டைக் கழற்றினால் முகத்தில் விழும். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போவது நல்லது. ஸ்டெப்னி டயரை முதலிலேயே இறக்கிவிட்டால் கை நுழைய இடம் கிடைக்கும். கொக்கியை வெளிக்கம்பெனியிலிருந்து வாங்கிப் போட்டிருந்தால், பின் பிராக்கெட் பொருந்துமா என்று தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேம்பரை ஏற்றும்போது அடியில் ரப்பர் மேட் கட்டாயம். பிளாஸ்டிக் லைனர் மேல் வைத்தால் கேம்பர் வழுக்கும், அதைத் தடுக்க டர்ன்பக்கிளை மேலும் மேலும் இறுக்கத் தோன்றும். முன் டர்ன்பக்கிள் கீழே போகப் போக முன்னோக்கிச் சாய வேண்டும். அப்போதுதான் கேம்பர் தொட்டியின் முன்சுவரை ஒட்டி நிற்கும். பின்னது எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். செயின் தொட்டியின் பக்கத்தில் எங்கும் உரசக் கூடாது. உரசினால், பிராக்கெட்டிலிருந்து வெளியே நீளும் நீட்டிக் குழாயின் பின்னை உருவி, குழாயை ஒரு துளை வெளியே தள்ளி வையுங்கள்.

இறுக்கம் எவ்வளவு என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஃபாஸ்ட்கன்னின் கைப்பிடி ஒரு கையால் உறுதியாக அழுத்தினால் மடங்க வேண்டும். இரண்டு கையும் உடல் எடையும் வேண்டியிருந்தால் அது அதிகம். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. முதலில் முன் இரண்டு, பிறகு பின் இரண்டு. அளவு அமைந்ததும் லாக் நட்டை முடுக்குங்கள், இல்லையென்றால் அதிர்வில் மரை தானாகத் திரும்பும். பத்துப் பதினைந்து மைலில் நிறுத்தி மறுபடி பாருங்கள். மேட் அமுங்கி ஒன்றாவது தளர்ந்திருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. கேம்பரை இறக்கிய பிறகு நீட்டிக் குழாய்களை விட்டு வைத்தால் முழங்காலில் இடிக்கும், கடகடக்கும். அவற்றை உருவிவிட வேண்டும். குழாயைப் பிடித்திருக்கும் பின்களும் கிளிப்புகளும் சுலபமாகத் தொலையும், உபரி ஒரு ஜோடி வண்டியில் இருக்கட்டும். கல் தெறித்துப் பவுடர் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் குழாய் உள்ளேயே இறுகி, சுத்தியலால் அடித்தாலும் வராது. குளிர்காலம் தொடங்கும் முன் உருவித் துடைத்து, உள்ளே கிரீஸ் தடவித் திரும்ப மாட்டினால் அந்தத் தொல்லை இல்லை.