டெல்டா வெயிலில் ஒரு ஸ்கோப்: 50 மீட்டர் ஏர் ரைஃபிள் அனுபவம்

ஏர் ரைஃபிளுக்குப் போய் எதற்கு இவ்வளவு விலையில் ஸ்கோப் (துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு கணக்கு. வெளிநாடுகளில் எஃப்-கிளாஸ் என்று ஒரு போட்டி நடக்கிறது. ரைஃபிளைத் தாங்கியில் வைத்து, படுத்தபடி, 1000 கஜம் வரை சுடுவார்கள், ஸ்கோப் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க இலக்கு அட்டையில் 1000 கஜத்துக்கான பத்து வளையம் (பத்துப் புள்ளி தரும் நடுவட்டம்) 10 அங்குல அகலம். கோணத்தில் பார்த்தால் ஒரு எம்ஓஏ-வுக்குக் கொஞ்சம் குறைவு (ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் எம்ஓஏ, 50 மீட்டரில் 14.5 மி.மீ.). நாங்கள் 50 மீட்டரில் வைக்கும் ரைஃபிள் அட்டையில் பத்து வளையம் 10.4 மி.மீ., அதாவது 0.7 எம்ஓஏ. எங்கள் பத்து அவர்களுடைய பத்தைவிடச் சின்னது! காற்றும் அப்படித்தான். மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று 8.4 கிரெயின் (அரை கிராம் பக்கம்) எடையுள்ள பெல்லட்டை 50 மீட்டருக்குள் 10 சென்டிமீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். 1000 கஜத்தில் பெரிய ரைஃபிளின் .308 குண்டு ஒதுங்கும் கோணமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால் நெடுந்தூரக்காரர்கள் ஸ்கோப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்பில் 50 மீட்டர் சுடுகிற நமக்கும் அப்படியே பொருந்தும்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலையில் திருச்சி ரைஃபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு அஜித் வந்துபோன பிறகு இந்தப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ஏர் ரைஃபிள் பற்றிக் கேட்கிறார்கள், எல்லாருக்கும் முதல் கேள்வி ஸ்கோப்தான். ஒலிம்பிக் வழியில் போக நினைத்தால் ஸ்கோப் வாங்கவே வேண்டாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டரிலும் சரி, 2024 பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியிலும் சரி, ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. சிறு துளை வழியாகப் பார்க்கும் சைட் மட்டும்தான். நான் எழுதுவது பெஞ்சில் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், ஏறக்குறைய 10 மீட்டரிலிருந்து 50 வரை தூரம் மாற்றி மாற்றிச் சுடும் ஃபீல்டு டார்கெட், இந்த இரண்டுக்கும்.

என்னிடம் இருப்பது வோர்டெக்ஸ் வைப்பர் பிஎஸ்டி இரண்டாம் தலைமுறை, 5-25×50 (5 முதல் 25 மடங்கு பெருக்கம், 50 மி.மீ. முன்கண்ணாடி), 30 மி.மீ. குழாய், கால் எம்ஓஏ கிளிக் (குமிழை ஒரு கிளிக் திருப்பினால் குறி அவ்வளவு நகரும்). 4.5 மி.மீ. பிசிபி ரைஃபிள் (முன்கூட்டியே அழுத்தக் காற்று நிரப்பிச் சுடுவது) மேல் இருக்கிறது. குறுவை, சம்பா, கோடை என்று எல்லாப் பருவமும் சேர்ந்தே பார்த்துவிட்டோம். கிளிக் இன்றும் விரலுக்குத் தெளிவாகத் தெரிகிறது, ஜீரோ, அதாவது ஒருமுறை சரிசெய்து வைத்த குறி, நகரவில்லை. கனம்தான் கொஞ்சம் அதிகம், ஏறக்குறைய 900 கிராம். பெஞ்சில் வைத்துச் சுடுபவருக்கு அது பாரமே இல்லை, தூக்கிக்கொண்டு நடப்பவர் யோசிக்கட்டும்.

சரி, எத்தனை எக்ஸ், அதாவது எத்தனை மடங்கு பெருக்கம் வேண்டும்? எங்கள் குழுவில் ஒரு நண்பர் "மாப்ள, அம்பது எக்ஸ் இருந்தா விழுந்த ஓட்டையே தெரியும்டா" என்று வாதாடிக்கொண்டே இருப்பார். அவர் சொல்வது விடிகாலைக்கு உண்மைதான். எஃப்-கிளாஸ்காரர்கள் நைட்ஃபோர்ஸ் 15-55×52, வோர்டெக்ஸ் கோல்டன் ஈகிள் 15-60×52 போன்றவற்றை வைத்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் நம் ஊர் மண்ணைப் பாருங்கள். தை, மாசியில் சம்பா அறுத்தபின் வயல் காய்ந்து, பங்குனி சித்திரையில் தாள் மட்டும் நிற்கும். அதன் மேல் ஒன்பது மணிக்கே கானல் எழும்பிவிடும். 25 எக்ஸில் பார்த்தால் கறுப்பு வட்டம் முழுதும் கொதித்து, ஓரம் எங்கே என்றே பிடிபடாது. பெருக்கத்தைக் கூட்டினால் இலக்கோடு சேர்ந்து கானலும் பெரிதாகிறது, அவ்வளவுதான். பதினாறு எக்ஸுக்கு இறக்கினால் அதே அட்டை அடங்கி நிற்கும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடை வந்து, நாற்று நட்ட வயலைத் தாண்டிச் சுடும்போது கதையே வேறு. ஈர மண் அவ்வளவு சூடாவதில்லை, மேகம் போட்ட நாளில் 25 எக்ஸும் சுத்தமாக இருக்கும். அப்போது காற்று வந்து சேர்ந்துகொள்ளும். ஆடி மாத மேல்காற்று நாங்கள் சுடும் தடத்துக்கு நேர் குறுக்கே அடிக்கிறது. கஜா புயல் 2018 நவம்பரில் சாய்த்த மரங்களின் இடம் வெட்டவெளியாகக் கிடப்பதால் தடுக்க ஒன்றும் இல்லை.

ஒளியும் குறையும். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ., 25 எக்ஸ் என்றால் 2 மி.மீ. 50 எக்ஸ் என்றால் 1 மி.மீ. தலை ஒரு நூல் அசைந்தால் படம் கறுத்துவிடும். 24, 25-க்கு மேல் நம் ஊருக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பணத்தைப் பேரலாக்ஸைச் (கண் அசைந்தால் குறியும் நகர்வதுபோலத் தெரியும் பிழை) சரிசெய்யும் வசதியிலும் கிளிக்கிலும் போடுங்கள். பெஞ்சையும் அட்டையையும் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைத்தாலே கானல் பாதி அடங்கும், அதற்குச் செலவும் இல்லை.

பேரலாக்ஸ் விஷயத்தைக் கடைக்காரர்கள் சரியாகச் சொல்வதே இல்லை. இடப்பக்கக் குமிழைத் திருப்பிப் படம் தெளிவானால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். போதாது. முதலில் ஸ்கோப்பை வெறும் வானத்தைப் பார்த்துப் பிடித்து (சூரியன் பக்கம் போகவே கூடாது) கண்பக்க வளையத்தைத் திருகி, குறுக்குக்கோடு சட்டென்று கூர்மையாகத் தெரியும்படி வைக்க வேண்டும். அப்புறம் ரைஃபிளை அசையாமல் மணல் பைமேல் வைத்து, கண்ணை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்திப் பாருங்கள். அட்டையின் மேல் கோடு நகர்ந்தால் பேரலாக்ஸ் இருக்கிறது. நகராத இடம் வரும்வரை குமிழைச் சரிசெய்ய வேண்டும், அதில் அச்சடித்த எண்ணை நம்ப வேண்டாம். ஃபீல்டு டார்கெட் ஆடுபவர்கள் இந்தக் குமிழுக்குப் பெரிய சக்கரம் மாட்டி, படம் தெளிவாகும் இடத்தை வைத்தே தூரத்தைக் கணிக்கிறார்கள். அவர்களுக்கு 10 மீட்டர்வரை குவியும் ஸ்கோப் வேண்டும். என்னுடையது 25 கஜத்துக்குக் கீழே குவியாது, அதனால் அந்த ஆட்டத்துக்கு இதைச் சொல்ல மாட்டேன். வெப்பநிலை மாறினால் குவியும் இடமும் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மார்கழி விடியலில் சக்கரத்தில் ஒட்டிய குறிகள் சித்திரை மதியத்துக்குப் பொருந்தாது, இரண்டு தாள் வைத்துக்கொள்வதுதான் வழி.

கிளிக்கைச் சோதிக்க ஒரு பெல்லட்கூடச் செலவாகாது. சுவரில் நீளமான சார்ட் பேப்பர் ஒட்டி, கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கித் தொங்கவிட்டு நேர்க்கோடு போடுங்கள். ஸ்கோப்பிலிருந்து சரியாக 50 மீட்டர், டேப் பிடித்தே அளக்க வேண்டும். லோடு இல்லாத ரைஃபிளை அசையாதபடி இறுக்கிவிட்டு, 80 கிளிக் மேலே திருப்பினால் கால் எம்ஓஏ ஸ்கோப்பில் 20 எம்ஓஏ, அதாவது 29 செ.மீ., குறுக்குக்கோடு அந்த நேர்க்கோட்டின் மேலேயே கீழிறங்க வேண்டும். விலகிப் போனால் ஸ்கோப் சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது. 80 கிளிக் திருப்பிக் கொண்டுவந்தால் கிளம்பிய புள்ளிக்கே வர வேண்டும். எங்கள் குழுவில் ஒருவருடைய 6-24 ஸ்கோப், பெயர் வேண்டாம், கண்ணாடி அவ்வளவு தெளிவு. ஆனால் திரும்பி வரும்போது ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. அவர் மாதக்கணக்கில் தன் மூச்சையும் டிரிக்கர் விரலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். படம் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

ரெட்டிகில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறுக்குக்கோடு) பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரே தூரத்தில் அட்டைதான் என்றால் இரண்டாம் குவியத்தளமே (பெருக்கத்தை மாற்றினாலும் கோட்டின் தடிமன் மாறாத வகை) போதும், கோடு மெல்லிசாக நிற்கும். நடுவில் ஒரு புள்ளி இருந்தால் இன்னும் நல்லது.

ஈரப்பதம்தான் நம் ஊரின் பெரிய சோதனை. வேதாரண்யம், நாகை, பட்டுக்கோட்டைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையில் வீட்டுக்குள் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கிறது, லென்ஸ் என்ன செய்யும்? நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரப்பி அடைத்த ஸ்கோப் உள்ளே பனிக்காது, வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்துப் போனால் வெளிக்கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும், அதற்கு எந்த வாயுவும் உதவாது. பையை மூடியபடியே அரை மணி நேரம் திண்ணையில் வைத்துவிட்டுத் திறங்கள், துடைக்கும் வேலையே வராது. ஃபோம் வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பது பூஞ்சையை நாமே வளர்ப்பதற்குச் சமம், ஃபோம் ஈரத்தை விடாது. நான் ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் ஏறிவிட்டது, சூடாக்கி உலர்த்த வேண்டும். நீல நிறத்துக்குக் காரணமான கோபால்ட் உப்பு நஞ்சு, அதனால் சமையல் சட்டியில் வறுக்கவே வேண்டாம்.

ஸ்பிரிங் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு: அது பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய துப்பாக்கிக்கென்று செய்த நல்ல ஸ்கோப்பே இதில் கலகலத்துப் போவதுண்டு. ஏர் ரைஃபிளின் இரட்டை உதைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதித் தந்திருந்தால் மட்டும் வாங்குங்கள், நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின் உள்ள மவுண்ட்டும் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் பாகம்) வேண்டும். ஸ்கோப் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் ரிங் திருகுகளைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் குழாய் நசுங்கி, பேரலாக்ஸ் குமிழே இறுகிப்போகும். ரிங் தயாரித்தவர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்குவதே சரி, பெரும்பாலும் 2 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும்.

4.5 மி.மீ. வாயும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதற்காக ஸ்கோப் மாட்டிக்கொண்டு கொக்கு மடையானைத் தேடி வரப்பில் இறங்குபவர்களை எங்கள் தடத்துக்குள் விடுவதே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். வடுவூர் ஏரிக்கு அவ்வளவு தொலைவிலிருந்து வந்து இறங்கும் பறவைகளின் மேல் குறி வைக்க ஒருவருக்கு எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. அட்டைக்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு, சுடும்போது தோப்புக்குள் ஆடு மாடு மேய்ப்பவர் யாரும் இல்லை என்று ஒருவர் நின்று பார்ப்பது, இவை இல்லாமல் நாங்கள் ஆரம்பிப்பதில்லை.

பட்ஜெட் குறைவு என்றால் உயர்ந்த எக்ஸை விட்டுவிட்டு, 4-16 அல்லது 6-18 போன்ற அளவில், பக்கவாட்டுப் பேரலாக்ஸ் உள்ள ஒன்றை இந்திய விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். வாங்கிய வாரமே அந்தத் தூக்குக்குண்டுச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள். பழைய ஸ்கோப் என்றால் முன்பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி கிளை பிரிந்து தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு இறக்கினாலும் வேண்டாம்.