ஈசி 'நில்' என்றுதான் வந்தது, நிலத்தில் பாதி என்னுடையதில்லை

காங்கயம் பக்கம் காடு (விவசாய நிலம்) வாங்க அலைகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் 16 வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்து சேர்த்த பணம், அம்மாவின் நகை, கொஞ்சம் கடன். எல்லாம் சேர்த்து 2021 செப்டம்பரில் 1 ஏக்கர் 40 சென்ட் கிரயம் செய்தேன். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் பழைய கிணறு, வண்டித்தடம் சுத்தமாக இருந்தது. 42 லட்சம்.

விற்றவருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. அவருடைய அப்பா 2008-ல் இறந்துவிட்டார், அம்மா அதற்கும் முன்பே. அப்பா எழுதிய ரிஜிஸ்டர் உயில் கையில் இருந்தது, அதில் காடு முழுவதும் மகனுக்கு. பட்டாவும் அவர் ஒருவர் பேரில்தான். 1991-லிருந்து 30 வருட வில்லங்கச் சான்று (ஈசி) போட்டுப் பார்த்தோம், 'நில்', அதாவது ஒன்றும் இல்லை என்று வந்தது. "அக்கா ரெண்டு பேரு இருக்காங்களே, அவங்க கையெழுத்து வேண்டாங்களா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. "அவுங்களுக்கு 84-லயும் 87-லயும் கண்ணாலம் ஆயிருச்சுங்க. 89-க்கு முன்னாடி கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்குப் பூர்வீகத்துல பங்கு கிடையாதுங்க" என்றார் பத்திரம் எழுதியவர். ஒப்பீனியன் கொடுத்த வக்கீல் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அதையே ஒன்றரைப் பக்கத்தில் டைப் அடித்துக் கொடுத்தார்.

அந்த 89 கதையை நம் ஊரில் இன்றைக்கும் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்து. 1989-ல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த திருத்தம் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு கொடுத்தது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களை மட்டும் விட்டுவிட்டது. ஆனால் 2005 செப்டம்பர் 9-ல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கவே இல்லை. அப்பா அன்றைக்கு உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கொஞ்ச காலம் குழப்பம் இருந்தது. 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம், பிறப்பாலேயே மகளுக்கு உரிமை, அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரித்தோ விற்றோ முடித்திருந்தால்தான் கதை வேறு. எனக்கு ஒப்பீனியன் டைப் அடித்தது 2020 தீர்ப்பு வந்து ஒரு வருடம் கழித்து.

கிரயமாகி ஐந்தாவது மாதம் போர் போட வண்டி வந்து நின்றது. வேலி ஓரம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து நின்றார், கையில் பிளாஸ்டிக் கவர். சத்தம் போடவில்லை. "தம்பி, நீ நல்லவனாட்டத்தான் தெரியற. போரு போடறதுக்கு முன்னால இதப் பாத்துப்போடு சாமி" என்று கவரை நீட்டினார். உள்ளே பாகப்பிரிவினை வழக்கின் நகல். விற்றவரின் அக்காமார் 2021 பிப்ரவரியில் போட்டது. நான் கிரயம் செய்ததற்கு ஏழு மாதம் முன்பு! அந்த அம்மா மேல் எனக்கு அன்றைக்கும் கோபம் வரவில்லை, இன்றைக்கும் இல்லை. அவர் கேட்பது அவருடைய பங்கை.

அன்று ராத்திரி உயிலை எடுத்து மறுபடி படித்தேன். மூன்றாவது வரி: "1974-ம் வருடம் ஏற்பட்ட பாகப்பிரிவினைப்படி எனக்குப் பாத்தியப்பட்ட பூர்வீகச் சொத்து." விஷயம் அத்தனையும் அந்த ஒரு வரியில் இருந்திருக்கிறது. பூர்வீகம் என்றால் அப்பா உயில் எழுத முடிவது அவருடைய பங்குக்கு மட்டும்தான். அப்பா, மகன், இரண்டு மகள்கள் என நான்கு பங்கு. மகனுக்கு அவருடைய கால், உயில் மூலம் அப்பாவின் கால், ஆகப் பாதி. மீதிப் பாதி அக்காமார் இருவருக்கும். எனக்கு விற்கப்பட்டது முழுசு. உயிலை ரிஜிஸ்டர் செய்ததால் இல்லாத உரிமை வந்துவிடாது.

அப்போ ஈசி எப்படி 'நில்' என்று வந்தது? அது பொய் சொல்லவில்லை. 1991-லிருந்து தேடினால் 1974 பாகப்பிரிவினை வராது. உயில் பதிவாவது பதிவு அலுவலகத்தின் 3-ம் புத்தகத்தில், வில்லங்கச் சான்று எடுப்பது 1-ம் புத்தகத்திலிருந்து, அதனால் உயிலும் அதில் வராது. கோர்ட்டில் நடக்கும் வழக்கும் தானாக அதில் ஏறாது. வழக்கு நடக்கும்போது வாங்கினால், தெரியாமல் வாங்கினேன் என்று சொன்னாலும் தீர்ப்பு நம்மையும் கட்டும் (சொத்து மாற்றுச் சட்டம் 52-வது பிரிவு). பட்டா என்பது வருவாய்த்துறைக் கணக்கு, அதை மட்டும் வைத்து உரிமை சொல்ல முடியாது. இதையெல்லாம் எனக்கு இப்போதைய வக்கீல் பொறுமையாகச் சொன்னார், ஒரு வருடம் தாமதமாக.

இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பேரும் வருடமும் போட்டுத் தேடினால் வழக்கு இருக்கிறதா என்று காசில்லாமலே பார்க்கலாம். ஒரே பேரில் பத்துப் பேர் வருவார்கள், அப்பா பேரை வைத்துச் சரிபாருங்கள். எனக்கு இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் பத்து நிமிட வேலை. அப்புறம், மூலப்பத்திரம் எந்த வருடமோ அதுவரை வில்லங்கம் போடுங்கள், 30 வருடம் போதும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வாரிசுச் சான்றில் இருக்கும் ஒவ்வொரு பேரும் கிரயத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு" என்பதெல்லாம் விடுதலைப் பத்திரம் ஆகாது. உயில் எழுதியவர் இறந்திருந்தால் அதன் நகலை யார் வேண்டுமானாலும் மனு கொடுத்து வாங்கலாம். விற்பவர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டியதில்லை.

இது என் வழக்கில் இல்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பவர் (உரிமையாளருக்காக விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்திருப்பவரிடம் வாங்கினால், பவர் கொடுத்தவர் கிரயத்தன்று உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். அவர் போய்விட்டால் பெரும்பாலும் பவரும் அதோடு முடிந்தது.

"பின்னிட்டு யாதொரு வில்லங்கம் ஏற்பட்டாலும் என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்று என் கிரயத்தில் எழுதியிருக்கிறது. அதை வைத்துப் பாதிப் பணத்துக்கு விற்றவர் மேல் தனி வழக்குப் போட்டிருக்கிறேன். அவர் அந்தப் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார். முத்திரைத்தாளுக்கு 7 சதவீதமும் பதிவுக்கு 4 சதவீதமும் கட்டியது அரசாங்கத்துக்கு, அது திரும்பாது.

அக்காமார் வழக்கில் என்னையும் பிரதிவாதியாகச் சேர்த்தார்கள். முதல்நிலைத் தீர்ப்பு வந்துவிட்டது, பாதிப் பங்கு அவர்களுக்கு. விற்றவரின் 70 சென்ட் எனக்கு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அடுத்த மாதம் கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து காட்டை அளப்பார். கிணறு எந்தப் பக்கம் போகிறது என்பது அப்போதுதான் தெரியும்.