கிட்டாருக்கு சாமான் மாற்றக் கொடுக்கப் போறீங்களா? 38,500 ரூபாய் போனவன் சொல்றேன், படிச்சிட்டுப் போங்க

38,500 ரூபாய். தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தக் கடைக்காரர் கடைசிவரை "சின்ன அமவுன்ட்டுக்கு ஏன் தம்பி இவ்ளோ டென்ஷன் ஆவுற" என்றுதான் பேசிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் இருந்துகொண்டு மெல்லிசைக் குழுவில் வாசிப்பவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காசு வாங்காமல் வாசிப்பவனுக்கு, 38,500 சின்ன அமவுன்ட் இல்லை. தள்ளி எடுத்த சீட்டுப் பணம் அது. இன்னும் தவணை கட்டி முடியவில்லை.

கடைப் பெயரைப் போடவில்லை. புகார் போகிறது, அது முடிகிற வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டிரு என்று சட்டம் படித்த மச்சான் சொல்லியிருக்கிறார். போட்டோவும் குட்டி வீடியோவும் போடும் ஆப்பில் பக்கம் வைத்து, கிட்டார் மாட் (உள்சாமானை மாற்றிப் பூட்டுவது), கஸ்டம் வயரிங் என்று ஆர்டர் பிடிக்கும் மாடிக் கடை. பெரம்பூர் பக்கம். அது மாதிரி நிறைய முளைத்திருக்கிறது, அதனால் அடையாளம் இவ்வளவு போதும்.

என்னுடையது ஃபெண்டர் கம்பெனியின் ரோட் வோர்ன் 60ஸ் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்கிற எலக்ட்ரிக் கிட்டார், சன்பர்ஸ்ட் நிறம். தெரியாதவர்களுக்கு: 2009-ல் வந்த வரிசை, மெக்சிகோவில் என்செனாடா தொழிற்சாலையில் செய்தது. பெயின்ட்டை அங்கேயே தேய்த்து, இரும்புச் சாமானையெல்லாம் மங்க வைத்து, பல வருஷம் மேடையில் அடிபட்டது மாதிரி பண்ணி அனுப்பினார்கள். "காசு குடுத்து சொறி புடிச்சத வாங்கியாந்திருக்கான்" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். ஆனால் கையில் எடுத்தால்தான் தெரியும். மேலே இருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்கிற பூச்சு, சுருக்கமாக நைட்ரோ. கழுத்தின் பின்பக்கம் லாக்கர் தேய்ந்து மரம் கைக்கு நேராகப் படும், வியர்த்த கையிலும் ஒட்டாது. கடற்கரை ஓரம் குடியிருப்பவனுக்கு அது பெரிய விஷயம்.

உள்ளே இருந்தது டெக்ஸ்-மெக்ஸ் பிக்கப் மூன்று. பிக்கப் என்றால் கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்புகிற, காந்தமும் மெல்லிய கம்பிச் சுற்றும் சேர்ந்த சாமான். மோசம் என்று சொல்லவே மாட்டேன். எங்கள் குழுவில் இரண்டு கீபோர்டு, பேட், பிராஸ். அந்தக் கூட்டத்தில் பிரிட்ஜ் பிக்கப் (பாடியில் கம்பி வந்து உட்காரும் பிரிட்ஜுக்குக் கிட்டே இருப்பது) கொஞ்சம் குத்தியது. இன்னும் கொஞ்சம் உருண்டையாக, பழைய ஸ்ட்ராட் மாதிரி வேண்டும் என்று ஆசை. பாடி நல்லது, கழுத்து நல்லது, உள்ளே இருக்கிற எலக்ட்ரிக் சாமானை மட்டும் மாற்றினால் போதும் என்று இந்த மாதிரி கிட்டார் வைத்திருக்கிற எல்லோரும் பேசுகிற பேச்சுதான்.

அந்தக் கடைக்கு ஏறிப் போன அன்றைக்கு நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடுத்து போகிறவருக்கும் இதே நாடகம்தான் நடக்கும்.

கடைக்காரர் கிட்டாரை வாங்கி, ஆம்ப்பில் சொருகாமல் முதலில் சும்மா வாசித்தார். காதைப் பாடியின் கொம்பில் வைத்துக் கேட்டார். "உடம்பு நல்ல உடம்பு தம்பி. உள்ள இருக்க சாமான்தான் இதுக்கு ஈடு இல்ல" என்றார். டீ வந்தது. பெரம்பூர் ரயில்வே காலனியில் சட்டைக்காரங்க (ஆங்கிலோ இந்தியர்கள்) டான்ஸ் நடத்திய காலத்தைப் பற்றி, அவருடைய அப்பா அங்கே வாசித்ததைப் பற்றிப் பேசினார். எனக்கு அந்தக் கதைகள் என்றால் உயிர், கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்புறம் பீரோவிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வெளிநாட்டு பிக்கப் செட், அல்நிகோ 5 காந்தம், கையால் சுற்றியது. டப்பாவைத் திறந்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். மெழுகு வாசனை வந்தது. கம்பிக்கு ஒன்றாக நிற்கிற ஆறு கம்பமும் ஒவ்வொரு உயரத்தில் இருந்தன. ஒரு ஸ்க்ரூவைக் கிட்டே கொண்டுபோனார், டக்கென்று கம்பத்தின் தலையில் ஒட்டிக்கொண்டது. மல்டிமீட்டரை வைத்தார். "பாருங்க, ஆறு சொச்சம் கிலோ ஓம். சுத்தமான விண்டேஜ் அளவு." எண்ணைத் தன் போனில் படம் எடுத்து எனக்கே அனுப்பினார். பிறகு டப்பா பீரோவுக்குள் போய்விட்டது. நான் கையில் பிடித்த அந்தப் பிக்கப்பை மறுபடி பார்க்கவே இல்லை.

ஒரு துண்டுச்சீட்டில் எஸ்டிமேட் எழுதினார். பிக்கப் செட் 19,000. ஸ்டீல் ட்ரெமோலோ பிளாக் (பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிற உலோகக் கட்டி) 6,500. 250கே பாட் (வால்யூம், டோன் நாபுக்கு அடியில் இருக்கிற சாமான்) மூன்று, சுவிட்ச், ஜாக், கபாசிட்டர் எல்லாம் சேர்த்து 5,500. எலும்பு நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு) 2,500. கூலி, ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கோடுகள்) பாலிஷோடு 5,000. மொத்தம் 38,500. "பில் போட்டா ஜிஎஸ்டி வரும், உனக்கு எதுக்கு தம்பி வீண் செலவு" என்றார். முழுப் பணமும் யுபிஐ-யில் போனது. கழற்றுகிற பழைய சாமானெல்லாம் ஒரு கவரில் போட்டுத் தருவேன் என்று அவரே, நான் கேட்காமலே சொன்னார். அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. திருடுகிறவன் பழைய சாமானைப் பற்றிப் பேச மாட்டான் இல்லையா?

கிட்டார் திரும்பி வந்தபோது புதுக் கம்பி, ஃப்ரெட் எல்லாம் பளபளப்பு. கவர் வரவில்லை. "பையன் எங்கயோ எடுத்து வச்சிருக்கான், நாளைக்கி வாங்கிக்க."

அன்றைக்கே ரிகர்சல். ஆம்ப்பில் போட்டவுடன் ஹம். சிங்கிள் காயில் (ஒற்றைக் கம்பிச் சுற்று) பிக்கப் என்றால் ஹம் இருக்கும், அது புதுசு இல்லை. ஆனால் நடு பிக்கப்பைத் தலைகீழாகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருந்தால் சுவிட்சின் இரண்டாவது, நான்காவது இடத்தில், அதாவது இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கிற இடத்தில், ஹம் அடங்கிவிடும். என் பழைய செட்டில் அடங்கும். அவர் காட்டிய புது செட்டிலும் அடங்கும் என்றுதான் சொன்னார். இப்போது ஐந்து இடத்திலும் ஒரே இரைச்சல். சத்தமும் உருண்டையாக இல்லை, தகர டப்பாவில் தட்டுகிற மாதிரி. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் திரும்பிப் பார்த்து, "இன்னாடா, கிட்டார் வேற எடுத்தாந்துட்டியா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கொருக்குப்பேட்டையில் ஆம்ப், மிக்ஸர் ரிப்பேர் பார்க்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் கட்டில் மேல் பெட்ஷீட் விரித்து, பிக்கப்பும் நாபும் பூட்டியிருக்கிற முன்பக்கத் தகடான பிக்கார்டைத் திறந்தோம். பதினோரு ஸ்க்ரூவும் புது வெள்ளை ஸ்க்ரூ. ஃபேக்டரியில் மங்க வைத்த பழைய ஸ்க்ரூகூட ஒன்றும் இல்லை! பிக்கப்பைத் திருப்பினால் அடியில் பசை போட்டு ஒட்டிய கறுப்பு செராமிக் காந்தப் பட்டை. மேலே தெரிகிற ஆறு கம்பமும் சும்மா இரும்பு. அல்நிகோ பிக்கப்பில் அந்தக் கம்பமே காந்தம், அடியில் பட்டை எதுவும் இருக்காது. மீட்டர் வைத்தால் இதுவும் ஆறு சொச்சம் காட்டுகிறது! நண்பர் சிரித்துவிட்டார். ஓம் என்பது உள்ளே சுற்றியிருக்கிற கம்பியின் தடை, அவ்வளவுதான். என்ன காந்தம், எத்தனை சுற்று, எவ்வளவு மெலிந்த கம்பி என்று அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. கடையில் போட்டோ எடுத்து அனுப்பினாரே, அதன் மதிப்பு இதுதான்.

பாட் மூன்றும் சின்ன சைஸ், மேலே பி500கே என்று அச்சு. எஸ்டிமேட்டில் எழுதியது 250கே. சிங்கிள் காயிலுக்கு 500கே போட்டால் மேல்பக்கச் சத்தம் இன்னும் கூர்மையாகும். குத்துகிறது என்று கொண்டுபோனவனுக்கு இன்னும் குத்துகிற மாதிரி செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

நட்டின் ஓரத்தை நண்பர் மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். எலும்பைத் தேய்த்தால் பல் டாக்டர் கடையில் வருகிற நாற்றம் வரும். இது உருகின பிளாஸ்டிக் பக்கெட் வாசனை. கடைசியில் அவருடைய மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து வேளாங்கண்ணி மாதா காந்தத்தைக் கழற்றிக் கொடுத்தார். பின்பக்க மூடியைத் திறந்து ட்ரெமோலோ பிளாக்கில் வைத்தோம். ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. ஸ்டீலாக இருந்தால் பிடித்துக்கொண்டிருக்கும். 6,500 ரூபாய் பிளாக் அது, எந்த மட்ட உலோகமோ.

இதோடு போச்சா என்றால் இல்லை. பின்பக்க லாக்கரில் சால்டரிங் அயர்ன் பட்ட கறுப்புத் தழும்பு. ஜாக் பக்கத்தில் தின்னர் சிந்தி, யாரோ துணியால் துடைத்து, லாக்கர் கரைந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நைட்ரோ தின்னரில் கரையும் என்பது கிட்டார் வேலை செய்கிறவனுக்குத் தெரியாதா?

மறுநாளே போனேன். கடைக்காரர் பதறவே இல்லை. முதல் பதில்: "புது பிக்கப் தம்பி, ரெண்டு மாசம் வாசி, தன்னால பழகிடும்." செராமிக் காந்தம் எத்தனை மாசம் வாசித்தால் அல்நிகோ ஆகும் அண்ணா என்று கேட்டேன். அடுத்தது, உன் ஆம்ப் சரியில்லை. அப்புறம், உங்க ஏரியா கரண்ட்டில் எர்த்திங் சரியிருக்காது, ராயபுரம் லைன் அப்படித்தான். இதே கிட்டார் இதே லைனில் ஹம் இல்லாமல் ஓடியது என்றால் பதில் இல்லை. லாக்கர் போனதைக் காட்டினேன். அதற்குச் சொன்ன பதிலை மறக்கவே மாட்டேன்:

"அது ரோட் வோர்ன்தானே தம்பி? கம்பெனிக்காரனே கீறித்தானே அனுப்புறான். இன்னொரு கோடு விழுந்தா இன்னா இப்போ?"

பழைய சாமான் கவர்? பையன் லீவு. அப்புறம் பையன் வேலையை விட்டு நின்றுவிட்டான். அப்புறம் குப்பையில் போயிருக்கும், யார் கேட்கப்போறாங்கன்னு நினைச்சோம். குப்பையா? ரோட் வோர்னில் இருந்து கழற்றிய பிக்கப், நிறம் மங்கிய பிக்கப் மூடி, நாப், துருப்பிடித்த மாதிரி இருக்கிற சேடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) எல்லாவற்றுக்கும் செகண்ட் ஹேண்டில் ஆள் காத்திருக்கிறது. புது கிட்டாரைப் பழசு மாதிரி ஆக்க நினைக்கிறவன் அதைத்தான் தேடுகிறான். அதாவது 38,500-ம் எடுத்துக்கொண்டு, என் சாமானையும் எடுத்துக்கொண்டு, மட்டச் சரக்கைப் பூட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

அதன்பிறகு வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீல டிக் விழும், பதில் வராது. அவர்கள் பக்கத்தில் கமெண்ட் போட்டேன், நீக்கிவிட்டு என்னை பிளாக் செய்தார்கள். ஆப்பில் ரிப்போர்ட் அடித்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று ரெடிமேட் பதில். பேங்கில் கேட்டால், நீங்களே பின் போட்டு அனுப்பியதுதானே சார். எல்லோரும் சார், தம்பி என்று மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். 38,500 மட்டும் வரவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாகிவிட்டது. அதில் சரியாகவில்லை என்றால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீதும், எஸ்டிமேட் சீட்டும், அவர் அனுப்பிய மீட்டர் போட்டோவும் என்னிடம் இருக்கின்றன.

என்ன செய்ய வேண்டும், செய்யக்கூடாது என்று பெரிசாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோபத்தில் இப்போதைக்கு வருவது இவ்வளவுதான்.

சாமானை நீங்களே வாங்கிக் கொண்டுபோங்கள், கடைக்குக் கூலி மட்டும் கொடுங்கள். கொடுக்கும் முன் பிக்கார்டைத் திறந்து உள்ளே இருக்கிற எல்லாவற்றையும், பாட் மேல் இருக்கிற அச்சு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள். முழுப் பணம் முன்னால் வேண்டாம். பழைய சாமான் கைக்கு வராமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். மீட்டரைக் காட்டி மயக்கினால் பிக்கப்பைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், ஆயிரக்கணக்கில் செலவு செய்வதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து பிக்கப் உயரத்தை இறக்கிப் பாருங்கள். ஸ்ட்ராட்டில் பிக்கப் கம்பிக்கு ரொம்பக் கிட்டே இருந்தால் காந்தம் கம்பியை இழுத்து, தடித்த கம்பியில் சுருதி கலங்கும், பிரிட்ஜ் பக்கம் குத்தும். இறக்கினால் பாதி சரியாகும், காசும் ஆகாது. கபாசிட்டர் மாற்றினால் சொர்க்கம் தெரியும் என்று சொல்பவரை நம்பாதீர்கள். டோன் நாபை 10-ல் வைத்து வாசிப்பவனுக்கு அதில் காதுக்குத் தெரிகிற வித்தியாசம் அநேகமாக ஒன்றும் இல்லை.

இன்னொன்று. செகண்ட் ஹேண்ட் ஆப்பில் யாராவது வயரிங்கோடு ரோட் வோர்ன் ஸ்ட்ராட் பிக்கார்டு விற்கிறார்கள் என்றால் கொஞ்சம் பாருங்கள். வால்யூம் நாபில் 7-க்கும் 8-க்கும் நடுவே முடி மாதிரி ஒரு விரிசல், உள்ளே ஜாக்குக்குப் போகிற வயரில் நான் சுற்றிய சிவப்பு இன்சுலேஷன் டேப். அது என்னுடையது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வாங்கிவிடாதீர்கள்.